நான்கு பாட்டில், ஒரே குத்து

என் நாத்தனாருக்கும் எனக்கும் ஆகாது. ஒரே வீடு, ஒரே ஆஸ்பத்திரி, காலையில் ஒரே பஸ். பஸ்ஸில் அவள் முன்பக்கம் நிற்பாள், நான் பின்பக்கம் நிற்பேன். நடுவில் சீட்டு காலியாக இருந்தாலும் இரண்டு பேரும் உட்கார மாட்டோம். உட்கார்ந்தால் பக்கத்தில் உட்கார வேண்டி வரும்.

புருஷனை விட்டுவிட்டு ஆறு வயசுப் பெண்ணோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். என் வீட்டுக்காரர் வாயைத் திறந்து எதுவும் கேட்கவில்லை. நான்தான் ஆளைப் பார்த்துச் சொல்லி ஆஸ்பத்திரியில் வேலை வாங்கிக் கொடுத்தேன். அதிலிருந்துதான் ஆகாமல் போனது. உதவி செய்த கையைத் தினமும் பார்க்க யாருக்குப் பிடிக்கும்?

அவள் வார்டு வார்டாகப் போய் ரத்தம் எடுப்பவள். நான் கிருமி லேபில் சீனியர் டெக்னீஷியன். வார்டில் என்னை 'கிருமியக்கா' என்கிறார்கள். அந்தப் பெயரை வைத்ததும் அவள்தான்.

லேப் வாசலில் ஒரு வெள்ளைப் பலகை உண்டு. அது என் வேலை. காய்ச்சல்காரரின் ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்க்க, அந்த ரத்தத்தைச் சத்துக் கரைசல் உள்ள பாட்டிலில் விட்டு மெஷினில் சூடாக வைப்போம். கிருமி இருந்தால் வளரும், மெஷின் கத்தும். தொல்லை என்னவென்றால், தோலிலும் கிருமி உண்டு. சரியாகத் துடைக்காமல் குத்தினால் ஊசியோடு அதுவும் உள்ளே போய் வளரும். அதனால் இரண்டு இடத்தில் தனித்தனியாகக் குத்தி, இடத்துக்கு இரண்டு பாட்டிலாக நான்கு பாட்டில் எடுக்கச் சொல்வோம். இடத்துக்கு ஒரு செட். ஒரு செட்டில் மட்டும் தோல் கிருமி வளர்ந்தால் அழுக்கு. இரண்டு செட்டிலும் ஒரே கிருமி வளர்ந்தால் நிஜம்.

போன வருஷம் அழுக்கு அதிகமாகப் போய் சூப்பிரண்டு என்னைக் கூப்பிட்டுக் கத்தினார். நான் பலகை மாட்டினேன். ரத்தம் எடுக்கும் நான்கு பேரின் பெயரையும் எழுதினேன். ஒரு செட்டில் மட்டும் அழுக்கு வந்தால் எடுத்தவள் பெயருக்கு நேரே சிவப்புப் புள்ளி. மூன்று புள்ளி விழுந்தால் ஒப்பந்தம் ரத்து. அந்தக் கடைசி வரி சூப்பிரண்டு சேர்த்தது. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. முதல் மாதம் ஐந்து புள்ளி. ஒருத்தி போனாள், அவள் இடத்துக்கு இன்னொருத்தி வந்தாள். அடுத்த மாதம் மூன்று. அப்புறம் இரண்டு, ஒன்று, பூஜ்யம். சூப்பிரண்டு வருகிறவர்களை எல்லாம் கூட்டிக்கொண்டு வந்து பலகையைக் காட்டினார். "பயம் இருந்தாத்தான் சுத்தம் வரும்" என்பார். நானும் பக்கத்தில் நின்று சிரித்திருக்கிறேன்.

நாத்தனார் பெயருக்கு நேரே இரண்டு புள்ளி இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு லேபைத் திறந்தபோது மெஷின் கத்திக்கொண்டிருந்தது. முந்தின நாள் காலை வைத்த இரண்டு பாட்டிலில் கிருமி. இரண்டும் ஒரே ஆளுடையது, ஆனால் வேறு வேறு செட். ஸ்லைடு போட்டுப் பார்த்தேன். ஊதா உருண்டைகள், திராட்சைக் கொத்து மாதிரி. அந்தச் சாதியில் ஒன்று ஆளைக் கொல்லும். மற்றது எல்லார் தோலிலும் சும்மா கிடப்பது. எது என்று தெரிய நான்கு மணி நேரம் ஆகும். விதிப்படி உடனே வார்டுக்குப் போன் போட்டேன்.

நோயாளி லாரி ஷெட்டில் மூட்டை தூக்கினவர். இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸ். அதற்காகக் கழுத்தில் வலது பக்கம் குழாய் வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை குளிர்க் காய்ச்சல் வந்து சேர்ந்திருந்தார்.

கிட்னி டாக்டரே போனை எடுத்தார். என்னை விட பத்து வயசு சின்னவர்.

"ஒரு செட்டா, ரெண்டு செட்டா?"

"ரெண்டு செட்டும் சார்."

"அப்ப குழாயிலதான் உக்காந்திருக்கு. மூணு மணிக்கு எடுத்துடறேன்."

"வேற குழாய் வைப்பீங்களா?"

"எங்க வைக்கிறது? கழுத்துல இடது பக்கம் அடைச்சுப் போச்சு. தொடை ரெண்டும் அடைச்சுப் போச்சு. இடது கையில டயாலிசிஸுக்குன்னு நரம்பு தச்சு வச்சிருக்கோம், அது உபயோகத்துக்குத் தேற இன்னும் ஆறு வாரம். எடுத்தா திரும்ப வைக்க இடம் கிடைச்சாலும் கிடைக்கும், இல்லாமலும் போகும். எடுக்கலன்னா கிருமியே கொண்டு போயிடும். நான் என்ன பண்ணட்டும்?"

வைத்துவிட்டார்.

பத்து மணிக்குள் மற்ற இரண்டு பாட்டிலும் கத்தின. பன்னிரண்டேகாலுக்கு டெஸ்ட் குழாயைச் சாய்த்துப் பார்த்தேன். கொல்லும் கிருமியாக இருந்தால் உள்ளே இருக்கும் பிளாஸ்மா உறைந்து நிற்கும். இது தண்ணீர் மாதிரி ஓடியது. தோல் கிருமி. மறுபடியும் போன் போட்டேன்.

"தோல் கிருமிதான் சார். அழுக்கா இருக்கலாம்."

"ரெண்டு செட்டுலயுமா அழுக்கு?"

டெஸ்ட் குழாயை இன்னொரு தடவை சாய்த்துப் பார்த்தேன்.

"மேடம், ரெண்டு இடத்துல ஒரே கிருமி வந்தா நிஜம்னு அச்சடிச்சு எல்லா வார்டுலயும் ஒட்டினது நீங்கதானே? பிளாஸ்டிக் குழாய் இருக்கற ஆளுக்குத் தோல் கிருமியே போதும். உங்க விதிப்படிதான் போறேன். இப்ப நீங்களே பின்வாங்கினா எப்படி?"

அவர் சொன்னது சரி. அந்தத் தாளை அச்சடித்தது நான்தான்.

பாட்டில்களை ட்ரேயில் அடுக்கினேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. ஒரு பாட்டிலில் பத்து மில்லி ரத்தம் விட வேண்டும். நான்கிலும் பாதிதான் இருந்தது. பாதி விடுவது புதிது இல்லை. நரம்பு கிடைக்காத ஆளிடம் குறைவாகத்தான் வரும். ஆனால் அப்படிக் குறைந்தால் ஒன்றில் ஏழு, ஒன்றில் நாலு என்று தாறுமாறாக இருக்கும். இந்த நான்கிலும் கோடு போட்ட மாதிரி அஞ்சு, அஞ்சு, அஞ்சு, அஞ்சு. இருபது மில்லி சிரிஞ்சு ஒன்றை நான்காகப் பங்கு போட்டால் அப்படித்தான் வரும்.

மெஷினைத் திறந்து அன்றைக்கு உள்ளே இருந்த மற்ற பாட்டில்களையும் பார்த்தேன். எடுத்தவர்கள் நான்கு பேர். முக்கால்வாசியில் அஞ்சஞ்சு.

லேபிளைப் பார்த்தேன். முதல் செட் வலது கை. இரண்டாவது செட் இடது கை. கையெழுத்து என் நாத்தனாருடையது. மளிகைச் சீட்டில் தினமும் பார்க்கிற கையெழுத்து.

வார்டுக்குப் போனேன். மூட்டைக்காரர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். தோள்பட்டையெல்லாம் காய்ப்பு. இடது கை தலையணை மேல் இருந்தது. மணிக்கட்டில் சிவப்புப் பட்டை: 'இந்தக் கையில் ஊசி போடாதே.' தைத்து வைத்த நரம்பு இருக்கிற கை அது. அதில் ஊசி குத்தினால் நரம்பே போய்விடும். வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும்.

"நேத்து ரத்தம் எடுத்தாங்களே, எந்தக் கையில?" என்றேன்.

அவர் திரும்பவே இல்லை. அவர் சம்சாரம்தான் பதில் சொன்னாள். கட்டட வேலைக்குப் போகிறவள், நகக்கண்ணில் சிமெண்டு. "வலது கைதான். ஒரு குத்துதான். ஏன், அதுவும் பத்தலையா உங்களுக்கு? ஒட்டப் பிழிஞ்சு குடிங்க."

நான் கீழே இறங்கி ரத்தம் எடுக்கும் அறைக்குப் போனேன். மணி ஒன்று. நாத்தனார் ஸ்டூலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். காலையில் நான் கட்டிக் கொடுத்த டப்பா. வேறு யாரும் இல்லை.

"மூட்டைக்காரருக்கு நேத்து எத்தனை குத்து?" என்றேன்.

"லேபிள்ல என்ன போட்டிருக்கு?"

"ரெண்டு."

"அப்ப ரெண்டு."

"இடது கையில குத்தினியா?"

மெல்லுவதை நிறுத்தினாள். அவளுக்கு மூளை வேகம். என்னை விட வேகம். குத்தினேன் என்றால் தடை போட்ட கையைக் குத்தின குற்றம். குத்தவில்லை என்றால் பொய் லேபிள்.

"எந்தப் பதிலைச் சொன்னா என் வேலை போகும் அண்ணி? ரெண்டுக்கும்தானே? அப்புறம் எதுக்குக் கேக்கறீங்க? உங்களுக்குப் பிடிச்சதை எழுதிக்குங்க."

"ஒரே குத்து. ஒரே சிரிஞ்சு. நாலு பாட்டில்."

"ஆமா."

"எத்தனை நாளா?"

"உங்க பலகையில எனக்கு ரெண்டாவது புள்ளி விழுந்த நாள்லேருந்து." டப்பாவை மூடினாள். "நான் மட்டும் இல்ல, நாலு பேரும். ஒரு செட்டுல மட்டும் வளர்ந்தாத்தானே புள்ளி? ஒரே ரத்தத்தைப் பங்கு போட்டா வளர்ந்தா பெரும்பாலும் ரெண்டுலயும் வளரும், இல்லன்னா ரெண்டுலயும் வளராது. புள்ளி எங்கேருந்து விழும்? இதைக் கண்டுபிடிக்க மைக்ரோஸ்கோப் வேணுமா என்ன? நீங்க மூணு மாசமா அதுல என்னத்தைப் பாத்தீங்க?"

அழுக்கு குறைந்த அதே மூன்று மாதத்தில் 'நிஜம்' என்று நான் கையெழுத்துப் போட்டவை கூடியிருந்தன. எனக்குத் தெரியும். இது காய்ச்சல் காலம் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்ள வசதியாக இருந்தது.

"ரெண்டு தடவை துடைச்சு ரெண்டு தடவை குத்த உனக்கு என்ன கேடு?"

"எனக்கு ஒரு கேடும் இல்ல. ஒரு காலையில முப்பத்தஞ்சு பேர். துடைச்சிட்டு அரை நிமிஷம் காய விடணும்னு தாள்ல போடறீங்க. முப்பத்தஞ்சு பேருக்கு ரெண்டு ரெண்டு அரை நிமிஷம் எவ்வளவுன்னு உக்காந்து கூட்டிப் பாத்தீங்களா? அந்த ஆள் நேத்து என்ன பண்ணினாரு தெரியுமா? ட்ரேயைக் காலால எத்தினாரு. எங்கம்மாவைச் சேர்த்துத் திட்டினாரு. ரெண்டாவது தடவை குத்தினா கையை முறிச்சுடுவேன்னாரு. மூட்டை தூக்கின கை, முறிக்கும். உங்களை எவன் திட்டறான்? கிருமி திட்டுமா?"

"மூணு மணிக்கு அவர் குழாயைப் பிடுங்கறாங்க. வேற வைக்க இடம் இல்ல."

அது அவளுக்குத் தெரியாது. முகம் மாறியது. ஆனால் வாய் இறங்கவில்லை.

"குழாயில நிஜமாவே கிருமி இருந்தா? அழுக்குன்னு அடிச்சுச் சொல்ல முடியுமா உங்களால?"

"முடியாது."

"பின்ன என்னத்தைப் போய்ச் சொல்லப் போறீங்க?"

"முடியாதுங்கறதைத்தான்."

"சொல்லுங்க. என் வேலையும் போகட்டும். ராத்திரி எங்க அண்ணன் தங்கச்சி உறவையும் நீங்களே வெட்டி விடுங்க. அதுக்குத்தானே இத்தனை நாளா காத்திருந்தீங்க?"

"உன் பொண்ணுக்கு ஸ்கூல் ஃபாரத்துல கையெழுத்துப் போட்டவ நான். வாயை அளந்து பேசு."

"அதையும் ஒரு பலகையில எழுதி மாட்டுங்க."

கிட்னி டாக்டரை அவர் அறையில் பிடித்தேன். ஒன்றரை மணி. இரண்டு செட் என்பது பொய், ஒரே குத்து, அதனால் நான் காலையில் கொடுத்த ரிசல்ட்டுக்கு ஒரு செட்டின் மதிப்புத்தான் என்றேன்.

பேனாவைக் கீழே போட்டார். "எடுத்தது யாரு?"

"சொல்றேன். முதல்ல மறுபடியும் எடுக்கணும். மருந்து இன்னும் ஏறலையே?"

"ஏறல. குழாயை எடுத்துட்டு ஆரம்பிக்கலாம்னு இருந்தேன். யாருன்னு கேட்டேன்."

"என் நாத்தனார்."

சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை. "குடும்பமா சேர்ந்துதான் ஆளைக் கொல்றீங்களா? நான் கத்தியை எடுத்திருந்தா? அந்த ஆள் செத்திருந்தா என் பேருலதானே எழுதுவாங்க?"

"ஆமா."

"ஆமாவா?"

"ஆமா சார். உங்க பேருலதான் எழுதுவாங்க. எங்க பேர் எந்தத் தாள்லயும் வராது. அதனாலதான் இப்ப வந்து சொல்றேன்."

பேனாவைத் திரும்ப எடுத்தார். பிறகு கணக்குப் போட ஆரம்பித்தார். காய்ச்சல் குறைந்திருக்கிறது, பிரஷர் இறங்கவில்லை, நெஞ்சில் சளியும் இருக்கிறது. ரத்தம் எடுத்ததும் குழாயை விட்டுவிட்டு மருந்தை ஆரம்பிப்பது. நாற்பத்தெட்டு மணி நேரம் பார்ப்பது. மறுபடியும் வளர்ந்தால் வெள்ளிக்கிழமை காலை முதல் வேலையாகப் பிடுங்குவது.

"வலது கையிலேயே ரெண்டு இடம். ஒண்ணு முழங்கை மடிப்பு, ஒண்ணு புறங்கை. பாட்டில் நிறைய. வேற ஆளை வச்சு எடுங்க."

"மத்த மூணு பேரும் இதையேதான் செய்யறாங்க. அதோட அந்த ஆளுக்கு நரம்பே இல்ல. புறங்கையில இருபது மில்லி எடுக்கற கை இந்தக் கட்டடத்துல ஒண்ணுதான் இருக்கு."

"உங்க நாத்தனார் கை."

"ஆமா."

"பக்கத்துல நில்லுங்க" என்றார். "கண்ணை எடுக்காம நில்லுங்க."

கீழே போய் அவளிடம் சொன்னபோது உடனே புரிந்துகொண்டாள். நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. இந்தத் தடவை எதுவும் வளராவிட்டால் முந்தின நாள் வளர்ந்தது அவள் அழுக்கு. மூன்றாவது புள்ளி. மறுபடியும் அதே கிருமி வளர்ந்தால் நிஜம். புள்ளி இல்லை, குழாய் போகும், அவள் வேலை இருந்தாலும் இருக்கும். கொஞ்சம் சரியாகத் துடைக்காவிட்டால் போதும். துடைத்த பிறகு நரம்பைத் தேடி விரல் ஒரு தடவை பட்டால் போதும். கிருமிக்கு அது போதும். பக்கத்தில் நிற்கிறவளுக்கு அது நரம்பு தேடுகிற மாதிரித்தான் தெரியும்.

ட்ரேயை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் படியேறினாள்.

மூட்டைக்காரர் அவளைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தார். "மறுபடியும் இவளா? போடி வெளியே!"

"போறேன். எடுத்துட்டுப் போறேன்" என்றாள். "கையை நீட்டுங்க."

"தொட்டே, பல்லைத் தட்டிடுவேன்."

"தட்டுங்க. அதுக்கு முன்னாடி கையை நீட்டுங்க. நேத்து நான் சரியா எடுக்கல. உங்க குழாயைப் பிடுங்கப் போறாங்க. இன்னைக்கு ரெண்டு குத்து. குத்து வேணாம்னா குழாய் போகும். எது வேணும்னு நீங்களே சொல்லுங்க."

நேற்று சரியாக எடுக்கவில்லை என்று அவளே நோயாளியிடம் சொல்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவர் சம்சாரம் எழுந்து நின்றாள். "என்னடி சொல்றே? உன் தப்புக்கு என் புருஷன் கழுத்தை அறுக்கறதா இருந்தாங்களா?"

"ஆமா. அப்புறம் வந்து செருப்பால அடிங்க. இப்ப அவர் தோளைப் பிடிங்க."

அந்தப் பெண் பிடித்தாள். திட்டிக்கொண்டே பிடித்தாள்.

நாத்தனார் ரப்பர் பட்டையைக் கட்டினாள். கண்ணை மூடிக்கொண்டு முழங்கை மடிப்பை விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தாள். கிடைத்தது. பட்டையைத் தளர்த்தினாள். கையைக் கழுவி வேறு உறை போட்டாள். மருந்துப் பஞ்சால் மேலும் கீழும், குறுக்கும் நெடுக்கும் தேய்த்தாள். காய விட்டாள். நான் மனசுக்குள் எண்ணினேன். முப்பதுக்கு முப்பத்தைந்தாகவே விட்டாள். காய்கிற நேரத்தில் நான்கு பாட்டில் வாயையும் ஸ்பிரிட்டால் துடைத்து வைத்தாள். மறுபடியும் பட்டையைக் கட்டினாள். ஊசியை எடுத்தாள். அப்போது மூட்டைக்காரர் கையை ஒரு வெட்டு வெட்டினார். நரம்பு நகர்ந்துவிட்டது.

அவள் இடது கை ஆள்காட்டி விரல், துடைத்த இடத்துக்கு மேலே போய் நின்றது. படவில்லை; ஒரு அரிசி அளவு இடைவெளி இருந்தது. தொடாதே என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று பிறகு யோசித்துப் பார்த்திருக்கிறேன். அவள் தொட வேண்டும் என்று எனக்குள் ஒருத்தி விரும்பினாள். தொட்டிருந்தால் அவளை ஜென்மத்துக்கும் வெறுக்க எனக்கு ஒரு காரணம் கிடைத்திருக்கும்.

விரலை எடுத்தாள். என் பக்கம் திரும்பினாள்.

"நல்லா பாத்துக்குங்க. நான் கொலைகாரி இல்ல."

புதுப் பஞ்சை எடுத்து முதலிலிருந்து தேய்த்தாள். மறுபடியும் முப்பத்தைந்து. குத்தினாள். ஒரே குத்தில் ரத்தம் வந்தது. இருபது மில்லி. இரண்டு பாட்டிலுக்கும் பத்து பத்து.

பிறகு புறங்கை. அதே துடைப்பு, அதே முப்பத்தைந்து. அங்கே இருந்தது நூல் மாதிரி ஒரு நரம்பு. அதில் இழுத்துவிடாமல், உடைந்துவிடாமல், சொட்டுச் சொட்டாக எடுத்தாள். ஆறு நிமிஷம் ஆனது. ஆறு நிமிஷமும் அவர் அவளைத் திட்டினார். அவள் அம்மாவை, அவள் புருஷனை, கேட்கக் கூசுகிற எல்லாவற்றையும். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. சிரிஞ்சின் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

லேபிளில் 'வலது முழங்கை', 'வலது புறங்கை' என்று எழுதி, நேரம் போட்டு, பாட்டில்களை என் கையில் திணித்தாள். "இந்தாங்க. உங்க மூணாவது புள்ளி."

மூன்று மணிக்கு யாரும் குழாயைப் பிடுங்கவில்லை.

புதன்கிழமை மெஷின் கத்தவில்லை. வியாழக்கிழமையும் கத்தவில்லை. நாற்பத்தெட்டு மணி நேரம் ஆனதும் கிட்னி டாக்டருக்குப் போன் செய்தேன். "சரி" என்று வைத்துவிட்டார். காய்ச்சல் சளியால்தான் என்று முடிவு செய்து அந்த மருந்தை நிறுத்தினார். குழாய் இருந்த இடத்தில் இருந்தது. அன்றைக்கே அதன் வழியாக டயாலிசிஸ் நடந்தது.

வெள்ளிக்கிழமை சூப்பிரண்டு எங்கள் இருவரையும் கூப்பிட்டார். கிட்னி டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். நான்கு பேரும் இதைச் செய்கிறார்கள், மூன்று மாதப் புள்ளிக் கணக்கு பொய், அந்த மூன்று மாதம் 'நிஜம்' என்று நான் கொடுத்த ரிசல்ட்டுகளைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்றேன்.

"நாலு பேரையும் அனுப்பிட்டா ரத்தத்தை யார் எடுக்கறது? நீங்களா?" என்றார். "இந்தம்மா லேபிள்ல பொய் எழுதியிருக்காங்க. அதுக்காக அனுப்பறேன். அழுக்குன்னு கணக்குல ஏத்தாதீங்க. இந்த மாசமும் பூஜ்யமாவே இருக்கட்டும். அடுத்த வாரம் வெளியிலேருந்து பாக்க வர்றாங்க."

நாத்தனார் சத்தம் போட்டுச் சிரித்தாள். "மூணாவது புள்ளிகூட எனக்குக் கிடையாதா சார்?"

"வெளியே போம்மா."

நான் லேப் வாசலுக்குப் போய் ஸ்பிரிட் பஞ்சால் பலகையைத் துடைத்தேன். பெயர், புள்ளி, பூஜ்யம், எல்லாம். கீழே மூன்று மாதத்துக்கும் சேர்த்து 'தெரியாது' என்று எழுதினேன். சாயங்காலத்துக்குள் எனக்கு மெமோ வந்தது. திங்கட்கிழமை பலகையே இல்லை. நான்கு ஆணி ஓட்டைதான் இருந்தது.

அதற்கு முன், சனிக்கிழமை, மூட்டைக்காரரின் ஐந்தாவது நாள் ரிப்போர்ட்டில் 'கிருமி வளரவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வீட்டில் என் வீட்டுக்காரர் நான்கு நாள் என்னோடு பேசவில்லை. சோறு போட்டால் சாப்பிட்டார். நாத்தனார் பேசினாள். எங்கே என்ன வலிக்கும் என்று தெரிந்து பேசினாள். மகளைக் கூப்பிட்டு, "அத்தைகிட்ட கேட்டுட்டு மூச்சு விடு, புள்ளி வச்சுடுவாங்க" என்பாள். நானும் சும்மா இல்லை. மூன்று மாதத்தில் உன் பாட்டிலால் எத்தனை பேருக்கு வேண்டாத மருந்து ஏறினது என்று கேட்டேன். நீங்கள் கையெழுத்துப் போட்ட எண்ணிக்கைதான் என்றாள்.

அடுத்த புதன்கிழமை காலை, நான் வேலைக்குக் கிளம்புகிற நேரத்தில், சமையலறை வாசலில் வந்து நின்றாள். நல்ல புடவை. கையில் பை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு தனியார் லேபில் ஆள் எடுக்கிறார்களாம்.

"முன்னாடி வேலை பார்த்த இடத்துலேருந்து ஒரு கடிதம் கேக்கறாங்க. சூப்பிரண்டு தர மாட்டான். நீங்க எழுதுங்க. சுத்தமா ரத்தம் எடுப்பான்னு எழுதுங்க."

"மூணு மாசம் நீ சுத்தமா எடுத்தியா இல்லையான்னு எனக்குத் தெரியாது."

"தெரிஞ்சதை எழுதுங்க. அதுக்குக்கூட வக்கில்லையா?"

அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து எழுதினேன். இன்ன தேதி பிற்பகல் இரண்டு பத்துக்கு, நரம்பு கிடைப்பதற்கு மிகக் கடினமான ஒரு நோயாளியிடம், இரண்டு தனித்தனி இடங்களில், முறைப்படி துடைத்து, இவர் ரத்தம் எடுத்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். நான்கு பாட்டிலிலும் ஐந்து நாள் வரை கிருமி வளரவில்லை. என் பெயர், பதவி, கையெழுத்து.

நின்றபடியே படித்தாள். இரண்டு தடவை படித்தாள்.

"நாலு பாட்டிலுக்கு மட்டும்தானே எழுதியிருக்கீங்க?"

"நான் பார்த்தது நாலுதான்."

"இதைப் படிச்சா அவன் சிரிப்பான்."

"லேப் தெரிஞ்சவனா இருந்தா சிரிக்க மாட்டான்."

தாளை மடித்தாள். கிழிப்பாள் என்று நினைத்தேன். பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனாள். ஐந்து நிமிஷம் கழித்து நானும் கதவைப் பூட்டிக்கொண்டு அதே பஸ்ஸுக்குப் போனேன். அவள் முன்பக்கம் நின்றிருந்தாள்.